வயிற்றில் இரத்தம் கசிந்தால் விளக்குப் போடும் கிருமி

முட்டி வலிக்குது, இடுப்பு வலிக்குது என்று வெறும் வயிற்றிலேயே வலி மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும். புண்ணிலிருந்து இரத்தம் கசியும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் சோர்ந்து, வெளுத்துப் போவார். மலம் தார் மாதிரி கறுத்துப் போகும். (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அது வேறு.) கறுத்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று பார்க்க அவர் வாய் வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும். குழாய் என்றதும் பயந்தே பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்தக் குழாய்க்குப் பதிலாக ஒரு கிருமியையே உள்ளே அனுப்பினால் என்ன? 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஈ. கோலி வகைக் கிருமி. பயப்படாதீர்கள், அதில் நோய் தராத ரகமும் உண்டு. 1917இல் நிஸ்லெ என்ற ஜெர்மன் டாக்டர், வயிற்றுப்போக்கு பரவியபோதும் தப்பித்த ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த ரகம் இது.

கிருமி என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்பது அதன் ஜீன்களில் எழுதியிருக்கிறது. அதில் இரண்டு புது ஜீன் வேலைகளைச் சேர்த்தார்கள். ஒன்று, ஒளிவிடும் வேறொரு கிருமியிலிருந்து எடுத்தது. மற்றது, பாலைப் புளிக்க வைக்கும் கிருமியிலிருந்து எடுத்தது. அது ஒரு புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதத்தைக் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுவிட்சைப் பிடித்துக்கொண்டு விளக்கை எரிய விடமாட்டார். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் 'ஹீம்' வந்து அவரைத் தொட்டால் கை விலகிவிடும். உடனே கிருமி வெளிச்சம் காட்டும். மின்சாரக் கம்பி இணைப்பு மாதிரி இருப்பதால் ஜீன் சர்க்யூட் என்று பெயர்.

சரி, வயிற்றுக்குள் எரியும் விளக்கை யார் பார்ப்பது? கிருமியை ஒரு குளிகைக்குள் அடைத்தார்கள். உள்ளேயே வெளிச்சத்தை உணரும் கருவியும் பேட்டரியும் உண்டு. கருவி ரேடியோ வழியாகக் கைபேசிக்குச் சேதி அனுப்பும். பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், வயிற்றில் இரத்தம் இருக்கிறதா இல்லையா என்று சரியாகவே சொல்லிவிட்டது.

ஆனால் அந்தக் குளிகை ஒன்றரை அங்குல நீளம்! 2023இல் அதைவிடச் சிறியதாகச் செய்தார்கள். அதையும் பன்றிகளிடம்தான் சோதித்தார்கள். நம் கிளினிக்கில் கேட்டால் கிடைக்காது. இன்றைக்கு டாக்டர் கையில் இருப்பது அந்தக் குழாய்தான். பார்த்து முடிக்க அதிக நேரமும் ஆகாது.