பாண் ஆட்டோ போன பிறகு

சரணம் அப்போதுதான் சரியாக வந்திருக்கும். ஒழுங்கைக்குள் பாண் ஆட்டோ திரும்பும். பேத்தோவனின் மெட்டு தகர ஒலியில் அறைக்குள் புகுந்துவிடும். ஹெட்போனைக் கழற்றி வைத்து, வந்ததுக்கு ஒரு றாத்தல் பாணையும் வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து பாட வேண்டியதுதான். பெரியநீலாவணையில் வீட்டறையை ஸ்டூடியோவாக்க நினைக்கும் பிள்ளைகள் “என்ன கொம்பியூட்டர் வாங்க?” என்றுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி.

வீட்டு ஸ்டூடியோ ஒன்றும் இரண்டாந்தரம் இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் சென்னையில் தன் வீட்டோடு சேர்த்துத்தான் பஞ்சதன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. பில்லி ஐலிஷின் 2019 அல்பத்தைப் பெரும்பாலும் அண்ணனின் படுக்கையறையில்தான் பதிந்தார்கள். அடுத்த ஆண்டு அதற்கு கிராமி கிடைத்தது.

ஆனால் அந்த அறைகளுக்கு நமது சீற் கூரை இல்லை. மாரியில் கூரைமேல் மழை கொட்டும்போது எந்த மைக்கும் உதவாது. வெறும் சுவர்கள் நாலும் குரலைத் திருப்பி அடிக்கும். பாடுபவர் கிணற்றுக்குள் நிற்பதுபோல் கேட்கும். மெல்லிய திரைச்சீலை இதற்குப் போதாது. பழைய பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கமும் பக்கவாட்டிலும் நிறுத்திப் பாருங்கள். மைக் முகம் பார்த்திருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

மைக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொண்டென்சர் மைக் நுணுக்கமானது என்று வாங்கி வருவார்கள். 48 வோல்ட் கொடுத்தால் அது பக்கத்து வீட்டுக் கோழியையும் சேர்த்துப் பதியும். உப்புக்காற்றின் ஈரம் ஏறினால் பொரியும் சத்தம் வேறு. மேடையில் எல்லாரும் பிடிக்கும் ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக், வாயருகே வைத்துப் பாடினால், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக எடுக்காது. 1966இல் வந்த அந்த மைக் இன்றும் விற்பனையில் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ குரலே ஷூரின் டைனமிக் மைக் ஒன்றில் பதிந்ததுதான். வேலை முடிந்ததும் மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள்.

இனி கொம்பியூட்டர். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஒன்பது மெகாபைட்டைக்கூடத் தொடாது. பத்து ட்ராக்கில் நாலு நிமிடப் பாட்டு 350 மெகாபைட்டுக்குள் அடங்கும். அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதற்கு? 16 ஜிபி ராமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள, விசிறி இரையாத பழைய லெப்டொப் போதும். மிச்சக் காசில் ஓடியோ இன்டர்பேஸ் ஒன்று வாங்குங்கள். பாடும் குரல் காதுக்குப் பிந்தி வந்தால் தாளம் குழம்பும். இன்டர்பேஸுக்கென்றே உள்ள ஏசியோ ட்ரைவரைப் போட்டு பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்கினால் அந்தப் பஃபரால் வரும் தாமதம் மூன்று மில்லி செக்கனுக்கும் குறைவு. 1024இல் அதுவே 21 ஆகிவிடும். மிக்ஸிங் செய்யும்போது மட்டும் அதை உயர்த்திக்கொள்ளலாம்.

டெஸ்க்டொப் வேண்டாம், லெப்டொப் எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் கரண்ட். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை வெட்டியதை யாரும் மறக்கவில்லை. யூ.எஸ்.பி.யிலேயே ஓடும் இன்டர்பேஸ் என்றால் கரண்ட் போனாலும் பதிவு நிற்காது. எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜரைக் கழற்றிவிட்டால் அந்த ‘ம்ம்ம்’ இரைச்சலும் பெரும்பாலும் போய்விடும்.

நேரம்? இஷா தொழுகை முடிந்து, கோயில் ஒலிபெருக்கியும் அடங்கி, தெரு ஓய்ந்த பிறகு. ஃபேனை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. அப்போது கடல் கேட்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அதன் அடி முழக்கம் குறையும். மேலே கொஞ்சம் நுரைச் சத்தம் மிஞ்சும். அதை நான் எடுப்பதில்லை.