உலையருகே ஒரு சொம்பு மோர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகள் அதிகம். பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பியாக உருட்டுகிறார்கள். உருகிய எஃகின் வெப்பம் ஏறக்குறைய 1,600 டிகிரி. கத்திரி வெயிலில் ஷெட்டுக்குள் உலையருகே நிற்பவருக்குத் தாகம் மட்டும் தொல்லையில்லை, பசியும் மந்தித்துவிடும். வியர்த்துக் களைத்தபின் சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் கவளம் இறங்காது. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் வயிறுதான் உப்பும். வியர்வையில் போன உப்பு திரும்பாது. அந்த நேரத்துக்கு ஏற்றது நீர்மோர்.

ஆனால் அது மோராக இருக்க வேண்டும். புளித்த தயிரில் தண்ணீரையும் உப்பையும் கொட்டிக் கலக்கினால் மோர் ஆகாது. முதல் நாள் இரவு உறை ஊற்றி, காலையில் கெட்டியாகத் தோய்ந்த, அதிகம் புளிக்காத தயிர் ஒரு பங்கு. கொதித்து ஆறிய தண்ணீர் மூன்று பங்கு. மத்தால் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். கொழுப்பு போனால்தான் மோர் வயிற்றுக்கு லேசாக இருக்கும். தோல் சீவிய இஞ்சியையும் பச்சை மிளகாயையும் கல்லுப்போடு சேர்த்து நசுக்க வேண்டும். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும். கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து விடுங்கள். வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை. கறிவேப்பிலையைக் கையால் கிள்ளிப் போட்டால் வாசனை இறங்கும். கொத்தமல்லித் தழை கடைசியில். பித்தளை அண்டா என்றால் ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். மோரின் புளிப்பு பித்தளையோடு சேரக் கூடாது. எவர்சில்வரோ மண்பானையோ நல்லது.

கும்மிடிப்பூண்டியில் யாருக்கும் இதைப் பழக்கப்படுத்த வேண்டியதில்லை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அங்கே இதுவே மஜ்ஜிக. ஆலைகளுக்கு வேலை தேடி வரும் பீகார், உத்தரப்பிரதேசத் தொழிலாளர்கள் ஊரில் மட்டா என்று குடிப்பதும் மோர்தான். வறுத்த சீரகமும் கருப்பு உப்பும் அதில் தூக்கலாக இருக்கும். ஒரே அண்டாவில் மோர் கலக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கருப்பு உப்பு வைத்தால் எல்லோருக்கும் ஆயிற்று.

ஐஸ் விஷயத்தில் கவனம் தேவை. மீனுக்குப் போடும் ஐஸ் குடிக்கிற பொருளில் விழக் கூடாது என்பதற்காகவே, உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்கும்படி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், மோருக்கு ஐஸே வேண்டாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வெயிலில் நினைவிழந்து விழுந்தவருக்கு மோர் புகட்டக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பை ஈரத்துணியால் குளிரவைத்து, 108-ஐ அழையுங்கள்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சாலையோரத்தில் கட்சிக்காரர்கள் போடும் மோர்ப் பந்தல் வழிப்போக்கருக்கு உதவுகிறது. ஷிஃப்டில் இருப்பவர் வாசலைத் தாண்டி அங்கே வர முடியாது. ஆலை நிர்வாகிகளே, பங்குனி பிறந்ததும் உங்கள் கேண்டீனிலிருந்து சாப்பாட்டு வேளைக்கு முன் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, உலைப் பகுதிக்கே மோர் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.