வாங்க ஒரு கணக்கு! விற்க ஒரு கணக்கு!

மதுரை—
சுங்குடிச் சேலை, பித்தளை விளக்கு என்று இணைய ஏலத்தில் சரக்கை இறக்கும் கடைக்காரர்களே, உஷார்!

"ஈபே" பெயரிலான இந்தியக் கடை 2018-ல் சாத்தப்பட்டுவிட்டது. ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்கலாம். ஒருவரே இரண்டு கணக்கும் வைத்துக் கொள்ளலாம்.

ஏன் இரண்டு?

2008 வரை, வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பதிலுக்குக் குறை எழுதுவார். ஒரே கணக்கு என்றால் அந்தக் கறை வியாபாரத்திலும் ஒட்டும். பிறகு விற்பவர் குறை எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். இப்போது வீட்டுச் செலவையும் கடை வரவையும் பிரித்துப் பார்க்க இரண்டு கணக்கு சவுகரியம்.

வம்பு எங்கே?

ஒரு கணக்கில் சரக்கை வைத்து, மறு கணக்கில் தானே ஏலம் கேட்டு விலையை ஏத்துவது மோசடி! மச்சானை விட்டு ஏத்தினாலும் அதேதான். மாட்டிக்கிட்டால் இரண்டு கணக்குக்கும் ஆபத்து!