'குழப்படிகாரன்' என்னும் முத்திரை: கொழும்புத் தமிழ் வகுப்பறைகள் பற்றிய சில குறிப்புகள்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி எமது ஆசிரியர் மத்தியில் இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. சட்டமோ வேறு திசையிற் சென்றுள்ளது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்தது. கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் பின்வந்த 12/2016 ஆம் இலக்கச் சுற்றுநிருபமும் உடற்றண்டனையை விலக்கின. ஆசிரியர் அறைந்ததனாற் செவிப்புலன் பாதிப்புற்ற மாணவன் ஒருவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதென 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயின், பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர் அடுத்துச் செய்யவேண்டியது யாது? நாற்பது பிள்ளைகளின் முன் தனித்து நிற்பவருக்குத் தடை மட்டும் விடையாகாது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அமைந்த தமிழ்மொழிமூல வகுப்பறை ஒருதன்மைத்தான சமூகமன்று. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர், மலையகத்திலிருந்து கடைச் சிப்பந்திகளாய் வந்தோர், துறைமுகத் தொழிலாளர், வணிகர் ஆகிய பல பகுதியினரின் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஓரறை வீட்டில் உறங்கி, மாலையில் ரியூட்டரிக்கு ஓடும் பிள்ளையின் களைப்பு காலையிற் சோம்பலாகவே தோற்றுகிறது. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது கொட்டாஞ்சேனைச் சிறுவர் பலருக்கு அது அயலில் நிகழ்ந்த சாவு. அத்தகைய பிள்ளை கதவு அடிபடும் ஓசைக்குத் துள்ளியெழுந்தால் அதனைக் குழப்படி எனக் குறிப்பது எவ்வளவு பொருந்தும்?

இவ்விடத்தில் அமெரிக்க உளவியலாளர் யேக்கப் குனின் 1970இல் வெளியிட்ட ஆய்வு நோக்கற்பாலது. வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஒப்பிட்ட அவர், குழப்பம் நேர்ந்தபின் கண்டிக்கும் முறையில் திறமையான ஆசிரியருக்கும் ஏனையோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. வேறுபாடு அதற்கு முன்னரே இருந்தது. வகுப்பின் எல்லா மூலைகளிலும் நடப்பதை அறிந்திருத்தல், ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்குத் தடங்கலின்றி மாறுதல், பிள்ளைகளைச் சும்மா காத்திருக்கவிடாமை என்பனவே அவை. கரும்பலகைக்கு முகங்காட்டி நெடுநேரம் எழுதும் எமது வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்வரிசைக் குழப்படியிற் பெரும்பகுதி அந்நிமிடங்களிலேயே விளைகிறது.

எனினும் எல்லாவற்றையும் முன்கூட்டித் தடுத்தல் இயலாது. மாணவன் எதிர்த்துப் பேசும்போது அவனுக்குச் சகபாடிகளின் சபையொன்று உண்டு. அச்சபையின் முன் அவனைத் தோற்கடிக்க முயலும் ஆசிரியர் பெரும்பாலும் தாமே தோற்கிறார். பாடத்தை நிறுத்தாது அவனருகே சென்று நிற்றல், தாழ்ந்த குரலிற் பெயர் சொல்லி வேலையைச் சுட்டுதல், மிகுதியை இடைவேளையில் தனியே பேசுதல் என்பன சிறிய உபாயங்களேயாயினும் மானத்தைக் காக்கின்றன. மானம் இழந்த பிள்ளைக்கு இழக்க வேறொன்றுமில்லை.

மொழியும் இங்கு முக்கியமானது. மலையகப் பேச்சையோ, சிங்களம் கலந்த கொட்டாஞ்சேனைப் பேச்சையோ ஆசிரியரே பழித்துச் சிரிப்பாராயின், ஏனைய பிள்ளைகளுக்கு அது அனுமதிப்பத்திரமாகிவிடும். மறுநாள் அப்பிள்ளை கைநீட்டும்போது 'குழப்படிகாரன்' எனப் பதியப்படுபவனும் அவனே. முத்திரை குத்தப்படுவோர் எவ்வகுப்பினர் என்பதை எமது பாடசாலைகள் தத்தம் ஒழுக்காற்றுப் பதிவேடுகளைப் புரட்டி ஆராய்தல் வேண்டும். வசதி படைத்தோரின் பிள்ளை 'துடியாட்டமானவன்' என்றும், நாட்கூலியாளரின் பிள்ளை 'அடங்காதவன்' என்றும் பெயர்பெறுவதை நாம் அறியாதவரல்லர்.

பெற்றோரை அழைப்பித்தலும் இதனுள் அடங்கும். காலை எட்டு மணிக்கு வருமாறு கடிதம் அனுப்பினால் துறைமுகத் தொழிலாளிக்கு ஒருநாட் கூலி போகிறது. அக்கூலிக்குரிய அடி அன்றிரவே பிள்ளைக்கு விழவும் கூடும். பிரம்பைப் பாடசாலை விலக்கியும் வீட்டில் அது இவ்வாறு தொடர்கிறது. மாலையிலோ ஞாயிறு காலையிலோ சந்திக்க முன்வருவதும், முதல் வாக்கியமாகப் பிள்ளையின் குறையன்றி அவன் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வதும் எந்தச் சுற்றுநிருபத்துக்கும் காத்திராது செய்யத்தக்கவை.