அழைக்கிறோம், அவர்கள் வருவதில்லை!

நமது ஸ்தாபனங்களின் வருஷாந்தரக் கூட்டங்களில் தவறாது நிறைவேறும் தீர்மானமொன்று உண்டு. ஸ்திரீகளைப் பெருவாரியாக அங்கத்தினராய்ச் சேர்க்க வேண்டுமென்பதே அது. பிரேரேபிப்பவர் ஆண், ஆமோதிப்பவர் ஆண், கரகோஷம் செய்பவர்களும் அவர்களே. மறு வருஷம் அதே தீர்மானம், எழுத்துப் பிசகாமல் திரும்பி வருகிறது. ஏனென்று கேட்டால், "நாம் அழைக்கிறோம், அவர்கள் வருவதில்லை" என்கிறார்கள்.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் இவ்விடையைக் கேட்கையில் நமக்கு வியப்பே உண்டாகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் பெண்கள், சிறுவர்களின் விரல்களால் வளர்ந்ததை அறியாதவர் யார்? குச்சி அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பட்டாசுக்குத் திரி வைப்பதும், விடியற்காலையில் ஆலை பஸ்ஸுக்குக் காத்து நிற்பதும் அவர்கள் அல்லவா? 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்து ஆலை வெடித்தபோது, மாண்டோர் ஜாபிதாவில் பெண்களின் பெயர்களும் இருந்தன. சாவுக்கு அஞ்சாமல் வேலைக்கு வருகிறவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வர மட்டும் கூச்சப்படுகிறார்கள் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள்!

கூட்டம் இரவு எட்டு மணிக்கு, ஏதோ ஒரு கடை மாடியில். அந்நேரம் அவள் தண்ணீர் பிடித்து உலை வைத்துக்கொண்டிருப்பாள். தப்பி வருகிறவளுக்கு மகளிர் அணி என்றொரு தனி மூலை. ஆரத்தி எடுக்கலாம், வரவேற்புக் கூறலாம். நிதிக் கமிட்டியிலும், அபேட்சகரைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் அவளுக்கு இடமிராது. 1917-ல் அன்னி பெஸன்ட் அம்மையாரையும் 1925-ல் ஸ்ரீமதி சரோஜினி தேவியையும் காங்கிரஸின் அக்கிராசனத்தில் அமர்த்திய தேசம் இது! பழைய சிவகாசித் தொகுதியும் 1971-லும் 1977-லும் ஸ்ரீமதி வி. ஜெயலட்சுமியை லோக்சபைக்கு அனுப்பிற்று. 2009 முதல் 2024 வரை விருதுநகர்த் தொகுதி கண்ட நான்கு பொதுத் தேர்தல்களில் ஜயித்தவரெல்லாம் ஆண்களே.

சட்டம் கட்டாயப்படுத்தினாலோ கதை வேறு. 2016-ல் உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். பஞ்சமின்றி அபேட்சகர்கள் கிடைத்தார்கள். சிவகாசி மாநகராட்சியின் முதல் மேயராக 2022-ல் ஒரு பெண்மணியே அமர்ந்தார். 'வராத' இவர்களெல்லாம் அதுவரை எங்கே இருந்தார்கள்? சில ஊர்களில் மனைவி கையெழுத்திடப் புருஷன் நாற்காலியில் இருந்து பேசுகிறான் என்பதும் உண்மையே. அந்த வெட்கம் அவனுடையது.

நமது தொண்டர்கள் அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைப் பகலில், பெட்டி ஒட்டும் தெருவிலேயே கூட்டட்டும். கணக்குப் புஸ்தகத்தை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கட்டும். அதன் பின்னரும் அவர்கள் வராவிடில், தீர்மானத்தைத் திரும்பவும் நிறைவேற்றிக்கொள்ளலாம்.