மூச்சைச் செவிமடுக்கும் யந்திரம்

மாத்திரையாயின், அதை வாயிலிட்டு ஒரு மிடறு நீர் பருகியதும் நோயாளியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் நடக்க வேண்டியதைக் குடலும் இரத்தமும் பார்த்துக்கொள்ளும். ஆனால் புகையினாலும் தூசியினாலும் பல்லாண்டுகள் நலிந்து, மூச்சுக்குழல்கள் குறுகி, உள்ளே போன காற்றை வெளியே விடுவதற்கே பெரும் அவஸ்தைப்படுகிற நாட்பட்ட சுவாசகோச நோயாளிக்கு, பிரதான ஔஷதம் மூச்சின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பழுதுபட்ட உறுப்பையே மருந்து சுமக்கவும் ஏவுகிற விசித்திரமான சிகிச்சை இது. சி.ஓ.பி.டி. என்று வைத்தியர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இந்நோய், 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேரைக் கொண்டுபோயிற்று.

இதற்குரிய இன்ஹேலர்களில் டிஸ்கஸ் என்பது ஒரு வகை. உள்ளங்கையில் அடங்கும் வட்டமான அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் தகட்டு நாடாவில் 60 குமிழ்கள் உண்டு; ஒவ்வொன்றிலும் ஒரு வேளைக்குரிய நுண்பொடி இருக்கும். பக்கத்திலுள்ள பிடியைத் தள்ளினால் ஒரு குமிழ் திறந்துகொள்ளும். பொடியைக் கிளப்பி அனுப்ப அதனுள் வாயுவும் இல்லை, விசையும் இல்லை. நோயாளி வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கும் மூச்சுத்தான் அதற்குச் சக்தி. மெதுவாக இழுத்தால் பொடி சரிவரக் கிளம்பாது. கருவிக்குள் ஊதிவிட்டாலோ சிதறியும் ஈரம்பட்டும் வீணாகும். இழுத்தபின் சிறிது நேரம் மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் வாயையும் கொப்பளிக்க வேண்டும். இத்தனை நியமங்களையும் மூச்சுத் திணறும் ஒரு முதியவர் தினம் இரு வேளை பிசகாமல் அனுஷ்டிக்கிறாரா என்பதை யார் அறிவார்?

பெட்டியின் எண்காட்டி அறியாது. பிடி தள்ளப்பட்டதை மட்டுமே அது எண்ணும். எண்ணிக்கையை ஏமாற்றுவதும் மனித சுபாவந்தான். அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், தங்கள் இன்ஹேலருடன் நேரத்தைக் குறிக்கும் கருவி இணைந்திருப்பதை அறியாதவர்களில் பத்தில் மூவர், மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அதை அழுத்தியிருந்ததாக 2000இல் வெளிவந்த அறிக்கை கூறுகிறது. விடுமுறையின் கடைசி இரவில் வீட்டுப்பாடம் முழுவதையும் எழுதி முடிக்கும் சிறுவனின் சாமர்த்தியத்துக்கும் இதற்கும் அதிக பேதமில்லை.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் ரிச்சர்ட் காஸ்டெல்லோவின் குழுவினர் உருவாக்கிய ‘இன்கா’ என்ற சிறு கருவி, எண்ணுவதோடு நில்லாமல் செவிமடுக்கவும் செய்கிறது. டிஸ்கஸின் மேல் ஒட்டிவைக்கப்படும் அதிலுள்ள நுண்ணிய மைக்ரோபோன், பெட்டியைத் திறந்ததும் விழித்து, மூடியதும் உறங்கிவிடும். இடையில் எழுந்த ஒலிகளைத் தேதியோடும் நேரத்தோடும் பதிந்துகொள்ளும். குமிழ் திறக்கும் சப்தம், தவறுதலாக உள்ளே ஊதிய மூச்சு, இழுத்த மூச்சின் வலிமை யாவும் அப்பதிவைக் கணிப்பொறியில் ஆராய்வோருக்குப் புலனாகும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய இருநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இவ்வாறு ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைப்பது: நேரம், முறை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், விதித்த மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 6 பேரே. சுவாசகோசம் மிகவும் நலிந்தவர்கள் முறையிலும் அதிகம் பிசகினார்கள். ஆகவே இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வது அநீதி.

ஒலிப்பதிவோ மின்னலையோ, உடலின் சேதி தூரத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஹாலந்தின் லைடனில் 1905லேயே ஐந்தோவன் என்ற உடலியல் அறிஞர், ஒன்றரைக் கிலோமீட்டர் அப்பாலிருந்த மருத்துவமனை நோயாளியின் இருதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். அந்த வித்தையின் வழித்தோன்றலே இன்றைய தொலைமருத்துவம். ஒலியைப் பதியும் கருவி கைவசமில்லாத இடத்திலும் மருந்து இழுக்கும் முறையைக் கவனிக்கும் பணியில் ஒரு பங்கைக் கைப்பேசியின் காமிரா செய்யும். ஆனால் திடீரென மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, காமிராவின் முன் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி, அடுத்த முறை டாக்டருடன் வீடியோ அழைப்பில் பேசும்போது, “மருந்தெல்லாம் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன், டாக்டர்” என்று சொல்வதோடு விட்டுவிடாமல், இன்ஹேலரைக் கையிலெடுத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரு வேளை மருந்தை அவர் கண்முன்னே இழுத்துக் காட்டுங்கள்.