வலி நின்னுட்டா குணமாச்சுன்னு அர்த்தமா?

''ஏலே, தாமிரபரணித் தண்ணி குடிச்ச பல்லு... கல்லையும் கடிக்கும்!'' என்பாள் எங்க ஆச்சி. நான் கல்லைக் கடிக்கவில்லை. நெல்லையப்பர் கோயில் பக்கம் இலையில் சுடச்சுட வாங்கிய அல்வாவைத்தான் வாயில் போட்டேன். கடைவாய்ப் பல்லில் சுரீர்!

ஆச்சி கிராம்பு கொடுத்தாள். இரண்டு வாரம் ராத்தூக்கம் போச்சு. பிறகு வலி தானாகவே நின்றது. 'டாக்டர் ஃபீஸ் மிச்சம்' என்று என் பி.காம். மூளை வரவு வைத்தது. ஆறாவது மாதம் கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியதும்தான் பாளையங்கோட்டைக்கு ஓடினேன்.

''வலி குணமாகி நிக்கலை சார். பல்லுக்குள்ள நரம்பு செத்துப் போய் நின்னிருக்கு'' என்றார் பல் டாக்டர். பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

சொத்தைக்குப் புழு காரணமில்லை. அந்தக் கதையை பிரெஞ்சு டாக்டர் பியர் ஃபோஷார் 1728-லேயே மறுத்துவிட்டார். நாம் தின்கிற இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்க, அது எனாமலை அரிக்கிறது.

முதல் அறிகுறி வலி அல்ல. சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. ஃப்ளோரைடு பேஸ்ட், இனிப்பில் சிக்கனம் இரண்டும் இருந்தால் இந்தக் கட்டத்திலேயே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். அடுத்து பழுப்பு, கறுப்புப் புள்ளி. ஒரே இடத்தில் சோறு மாட்டுவது. ஜில் தண்ணீருக்கும் இனிப்புக்கும் கூச்சம். குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். கூச்சம் சட்டென்று அடங்காமல் நீடித்தாலோ, ராத்திரியில் சும்மாவே வலித்தாலோ, விவகாரம் நரம்பு வரை போயாச்சு என்று அர்த்தம். வேர் சிகிச்சை தேவைப்படலாம். வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்க சிரமம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி!

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சோடு ஏழு வயசு மகளை 'ஆ' காட்டச் சொன்னேன். கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி!

''பால் பல்லுதானே... விழுந்து முளைக்கும்'' என்றாள் மனைவி.

இல்லவே இல்லை! ஆறு வயசு வாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கிற கடைவாய்ப் பல், நிரந்தரப் பல். போனால் போனதுதான். வலி வருமுன்பே பார்த்ததால் சின்னதாக அடைத்ததோடு பிழைத்தது.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் டார்ச் பரேடு. போன வாரம் என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்:

''அப்பா, ஒங்களுக்கு எப்போ முளைக்கும்?''